பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து: ஆண்டுக்கு எத்தனை முறை?

மடையைத் திறந்து வயலுக்கு நீர் விடும் உழவர், வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். வளையை அடைக்காமல் எவ்வளவு நீர் இறைத்தாலும் பயிருக்குச் சேரவேண்டியது பயிருக்குச் சேராது. நம் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். பள்ளியில் காலை உணவு, நண்பகலில் சத்துணவு, அதனுடன் முட்டை என்று அரசு பெருஞ்செலவில் ஊட்டம் அளித்து வருகின்றது. வீட்டிலும் பெற்றோர் தம் வாயைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டுகின்றனர். அவ்வூட்டத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் குடலிலேயே குடியிருக்கும் புழுக்கள் கவர்ந்துகொள்ளுமாயின், அது வரப்பில் விழுந்த வளைக்கு ஒப்பானதே.

இவ்வளையை அடைப்பதற்கென அமைந்ததே குடற்புழு நீக்க நாள். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழ்நாடு உள்ளிட்ட 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் இத்திட்டம் தொடங்கப்பெற்றது. 2016 முதல் நாடு முழுவதும் நடந்து வருகின்றது. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு இருமுறை இம்மருந்து அளிக்கப்படுகின்றது.

கிராமசபைக் கூட்டங்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் இதுபற்றி இரண்டு வினாக்கள் எழுவதுண்டு. "பிப்ரவரியில்தானே கொடுத்தீர்கள், ஆகஸ்டில் மறுபடியும் எதற்கு?" என்பது ஒன்று. "ஆறு மாதம் நெடுங்காலம் ஆயிற்றே, மாதமொரு முறை கொடுத்தால் என்ன?" என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புழுக்கள் எங்கிருந்து வருகின்றன?

இனிப்பும் வெல்லமும் மிகுதியாகத் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்று நம்மவர் கூறுவர். இது சரியன்று. புழு இனிப்பிலிருந்து தோன்றுவதில்லை, மண்ணிலிருந்து வருகின்றது. அம்மண்ணுக்கு அது மனித மலத்திலிருந்தே வருகின்றது. இதனை மனத்திற் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

மண்வழிப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, நாக்குப்பூச்சி என்று ஊரில் வழங்கும் உருண்டைப் புழு. இதன் பெண்புழு ஒரே நாளில் 2 இலட்சம் முட்டைகள் வரை இடவல்லது. வெளியே மலத்தோடு விழும் முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்கின்றது. பின்பு கழுவாத கையின் வழியாகவோ, கழுவாத காய் கனி வழியாகவோ வாய்க்குள் செல்கின்றது. குடலில் பொரித்த இளம்புழு நுரையீரல் வரை சென்று மீண்டும் குடலை வந்தடைந்து, ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில் தானும் முட்டையிடத் தொடங்குகின்றது.

இரண்டாவது, சாட்டைப்புழு. இதுவும் முட்டை வழியாக வாய்க்குள் செல்வதே.

மூன்றாவது, கொக்கிப்புழு. இது வாய்வழி வருவதற்காகக் காத்திருப்பதில்லை. முட்டை மண்ணிலேயே பொரித்து, பத்து நாட்களுக்குள் இளம்புழு உடலிற் புகும் நிலையை அடைகின்றது. செருப்பில்லாத கால் படும்போது தோலைத் துளைத்து உட்புகுகின்றது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது இதன் தொழில். நம் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழப்பாகின்றது. இது அற்பமாகத் தோன்றலாம். நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டுப் பார்த்தால், வெளிறிய முகத்தோடும் சோர்ந்த கண்ணோடும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமியின் நிலைக்குக் காரணம் புலப்படும்.

மருந்து செய்வதும் செய்யாததும்

பள்ளியில் அளிக்கப்படும் மருந்து அல்பெண்டசோல் என்பதாகும். இரண்டு வயது முதல் 19 வயது வரை 400 மில்லிகிராம் கொண்ட ஒரு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதி மாத்திரை. இதனை உட்கொள்ளப் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. விளக்கெண்ணெய்ப் பேதியும் வேண்டுவதில்லை.

ஒருவேளை மருந்திலேயே உருண்டைப் புழு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் அற்றுப்போகின்றது. கொக்கிப்புழு நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேரிடம் நீங்குகின்றது. சாட்டைப்புழு மட்டும் எளிதில் விடுவதில்லை. நூற்றுக்கு முப்பது பேரிடமே முற்றிலும் ஒழிகின்றது. ஏனையோரிடம் அதன் தொகை குறைகின்றது.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. இம்மருந்து வயிற்றிலுள்ள புழுவைத்தான் கொல்லும். நாளை வரவிருக்கும் புழுவைத் தடுக்காது. அம்மை ஊசி போல் இஃது ஒருமுறை போட்டு நெடுங்காலம் காக்கும் காப்பன்று. வயலில் களை பறிப்பதைப் போன்றது. மண்ணில் விதை கிடக்கும்வரை களை மீண்டும் முளைக்கும்.

எவ்வளவு விரைவில் முளைக்கும்? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. மருந்து கொடுக்கும் முன் ஓர் ஊரில் 100 பேருக்கு உருண்டைப் புழு இருந்ததாகக் கொள்வோம். மருந்துக்குப் பின் மூன்றாம் மாதத்தில் ஏறத்தாழ 26 பேருக்கும், ஆறாம் மாதத்தில் 68 பேருக்கும், பன்னிரண்டாம் மாதத்தில் 94 பேருக்கும் அப்புழு இருக்கக் காணப்படுகின்றது. சாட்டைப்புழு ஆறாம் மாதத்தில் 67, ஆண்டு முடிவில் 82. கொக்கிப்புழு ஆறாம் மாதத்தில் 55, ஆண்டு முடிவில் 57.

இக்கணக்கைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஓராண்டு சும்மா விட்டுவிட்டால் உருண்டைப் புழு ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றது. ஆறு மாதத்தில் மறுபடியும் மருந்து கொடுத்தால், பெருகிவரும் வழியிலேயே அதனை மடக்கிவிடலாம். "பிப்ரவரியில் கொடுத்தபின் ஆகஸ்டில் எதற்கு?" என்ற முதல் வினாவுக்கு இதுவே விடை. மூன்றாம் மாதத்தில் நாலில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கின்றது. மாதந்தோறும் கொடுப்பதால் செலவும் தொல்லையும் மிகுமேயன்றி அதற்கேற்ற பயன் இல்லை. இஃது இரண்டாம் வினாவுக்கு விடை.

காலந்தவறாமல் வயிற்றைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. தேரையர் அருளியதாக வழங்கும் பிணியணுகா விதியில் நான்கு மாதத்துக்கொரு முறை பேதி மருந்து கொள்ளுதல் விதியாகக் கூறப்பட்டுள்ளது. கால இடைவெளி வகுத்துக் கொள்வது நம் முன்னோர் கண்ட நெறியே. அவ்விடைவெளியை இன்று புழுவின் பரவலை அளந்து வகுத்திருக்கின்றனர்.

எண்ணிக்கையை வகுப்பது யார்?

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவுகோல் தந்துள்ளது. ஒரு பகுதியில் பிள்ளைகளுள் 20 சதவீதத்தினருக்கு மேல் புழு இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை. 50 சதவீதத்துக்கு மேற்பட்டால் ஆண்டுக்கு இரு முறை. ஐந்தாறு ஆண்டுகள் தவறாமல் கொடுத்தபின் மீண்டும் மலப் பரிசோதனை செய்து, புழு குறைந்திருப்பின் முறையையும் குறைக்கலாம். ஆகவே எத்தனை முறை என்பதைத் தீர்மானிப்பது அதிகாரியின் விருப்பமன்று; அவ்வூர் மண்ணின் நிலையே.

நம் நாட்டு மாநிலங்களின் அனுபவம் இதற்குச் சான்று. இராஜஸ்தானில் 2013-இல் புழுவுள்ள பிள்ளைகள் 21.1 சதவீதமே. அங்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மருந்து அளித்தனர். 2019-இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. சத்தீஸ்கரில் 2016-இல் 74.6 ஆக இருந்தது 2018-இல் 13.9 ஆயிற்று. சிக்கிமில் 2015-இல் 80.4, நான்காண்டுகளுக்குப் பின் 2019-இலும் 50.9. ஆந்திரத்திலோ 2016-இல் 36 ஆக இருந்தது 2019-இல் 34.3 என்ற அளவுக்கே இறங்கியது.

மருந்து ஒன்றே, விளைவு மட்டும் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது? மண்ணும் மழையும் வேறு. கழிப்பறைப் பழக்கம் வேறு. மருந்து எத்தனை பிள்ளைகளின் வாய்க்குள் உண்மையாகச் சென்றது என்பதும் வேறு. மாத்திரையின் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய பாடம்

இப்பாடம் தமிழர்க்கு நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்தது. 1916-ஆம் ஆண்டில் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில், அமெரிக்க நாட்டு ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் திருச்சிராப்பள்ளி போன்ற நம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே. 1920-இல் சென்னை மாகாணத்திலும் அதே அறநிலையத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஆய்வு தொடங்கப்பெற்றது. ஓம உப்பு எனப்படும் தைமோல் முதலிய மருந்துகள் அக்காலத்தில் கையாளப்பட்டன.

ஆயிரக்கணக்கானோர் மருந்துண்டனர். எனினும் பெரும்பாலான தோட்டங்களில் லயங்களுக்குப் போதிய கழிப்பறைகள் கட்டப்படவில்லை. மருந்துண்டவர்களே மீண்டும் அதே தேயிலைச் சரிவுகளில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் புழுவுக்கு ஆளாயினர். மருந்து மட்டும் தந்து மண்ணைத் திருத்தாமல் விட்டால், மருந்து என்றைக்கும் முடிவதில்லை என்பதே அத்தோட்டங்கள் உணர்த்திய பாடம்.

நம் குன்னம் வட்டத்து நிலை

குன்னம் வட்டத்தின் பெரும்பகுதி கரிசல் மண். மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி. வடக்கே வெள்ளாற்றின் ஓரத்தில் மணற்பாங்கான நிலமும் உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு இறுகிய களிமண்ணும் கடும் வெயிலும் ஒவ்வா. ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான மண்ணே அதற்கு உகந்தது. ஆகவே ஆற்றோரம், கிணற்றுப் பாசனத் தோட்டம், தோப்பு நிழல், ஏரிக்கரை ஆகிய இடங்களில் கருத்து மிகுதியாக வேண்டும். இவ்விடங்களே பெரும்பாலும் திறந்தவெளிக் கழிப்பிடங்களாகவும் இருந்து வந்துள்ளன என்பதை நாம் அறிவோம்.

உருண்டைப் புழுவின் முட்டையோ கெட்டியான ஓடுடையது. எம்மண்ணிலும் நெடுங்காலம் கிடக்கவல்லது. எனவே கரிசல் காட்டு ஊர்களுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நனைந்து, களையெடுப்புக் காலத்தில் பெற்றோருடன் பிள்ளைகளும் வெறுங்காலோடு காட்டுக்குச் செல்கின்றனர். அம்மழைக்காலம் முடிந்தபின் வரும் பிப்ரவரிச் சுற்று நம் வட்டத்துக்கு மிகவும் பொருத்தமானதாகும்.

விடுபட்ட பிள்ளையே முதற்பிள்ளை

புழுக்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு வகுப்பில் பலரிடம் சில புழுக்களே இருக்கும். சிலரிடம் ஏராளமாக இருக்கும். ஊரிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி அச்சிலரின் வயிற்றிலேயே வாழ்கின்றது. ஊர் மண்ணை மிகுதியாக மாசுபடுத்துவதும் அங்கிருந்து வெளிவரும் முட்டைகளே.

அச்சிலர் யார்? கழிப்பறையில்லாத வீட்டுப் பிள்ளை, காலில் செருப்பில்லாத பிள்ளை, அடிக்கடி சோர்ந்து படுத்துப் பள்ளிக்கு வராத பிள்ளை, பெற்றோருடன் செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்றுவிட்ட பிள்ளை, படிப்பை இடையில் நிறுத்திவிட்ட பெண்பிள்ளை. மருந்து கொடுக்கும் நாளில் பள்ளியில் இல்லாதவர்களும் பெரும்பாலும் இவர்களே. நல்ல வீட்டுப் பிள்ளைகள் நூறு பேர் மாத்திரை உண்டு, இவர்களில் பத்துப்பேர் விடுபடுவார்களானால், பதிவேட்டில் 90 சதவீதத்துக்கு மேல் என்று எழுதலாம். ஊரின் புழு மட்டும் குறைந்திராது.

இதற்காகவே முதல் நாளுக்கு ஒருவாரம் கழித்து விடுபட்டோர்க்கென மற்றொரு நாள் குறிக்கப்படுகின்றது. அந்நாளை வெறும் சடங்காகக் கழித்துவிடலாகாது. முதல் நாள் மாலையிலேயே தலைமையாசிரியர் வராத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தருதல் நலம். பள்ளியில் சேராத பிள்ளைகளின் பட்டியல் அங்கன்வாடிப் பணியாளரிடம் இருக்கும். சூளையில் தங்கியுள்ள குடும்பங்களை ஊராட்சித் தலைவர் அறிவார். இம்மூன்றையும் ஒன்று சேர்த்து வீடு வீடாகச் சென்றால் ஒரு பிள்ளையும் விடுபடாது.

ஐயங்களும் விளக்கங்களும்

மாத்திரை தின்றபின் சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலியோ குமட்டலோ தோன்றுவதுண்டு. புழு மிகுதியாக உள்ள பிள்ளைக்கே இது பெரிதும் நேர்கின்றது. சிறிது நேரம் நிழலில் ஓய்வளித்து நீர் கொடுத்தால் நீங்கிவிடும். நீங்காவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்கலாகாது, குணமானபின் கொடுக்கலாம். மாத்திரையை விழுங்கவிடாமல் ஆசிரியர் கண்ணெதிரே மென்று தின்னச் செய்தல் வேண்டும். மென்று தின்ன இயலாத சிறு குழந்தைக்குப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டும். முழு மாத்திரை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் கூடவே கூடாது.

மருந்து உண்டும் ஆசனவாயில் அரிப்பும் வெண்ணூல் போன்ற சிறு பூச்சியும் காணப்படுகின்றன என்று சில தாய்மார்கள் குறை கூறுவர். அது கீரிப்பூச்சி. மண்ணிலிருந்து வருவதன்று, நகக்கண்ணிலும் படுக்கைத் துணியிலும் ஒட்டிய முட்டைகளால் வீட்டுக்குள்ளேயே பரவுவது. அதற்கு மருத்துவரைக் கண்டு குடும்பத்தார் அனைவரும் மருந்து கொள்ளுதலும், நகம் வெட்டுதலும், துணிகளை வெந்நீரில் துவைத்தலுமே வழி.

வளர்ந்த பெண்களையும் மறத்தலாகாது. கொக்கிப்புழு வயது ஏற ஏறப் பெருகும் இயல்புடையது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சவ்வாது மலைவாழ் மக்களிடையே நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் பத்தில் ஏறத்தாழ நால்வருக்குக் குடற்புழு காணப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கொக்கிப்புழுவே. நம் மாநிலத்தில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, இம்மருந்து அளிக்கப்படுவது இக்காரணம் பற்றியே பெரிதும் பயனுடையதாகும்.

மருந்தைப் பற்றி மிகையாக எண்ணுதலும் தவறு. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை சுமார் பத்து இலட்சம் சிறு குழந்தைகளிடையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மருந்து கொடுத்து ஆராய்ந்தனர். 2013-இல் வெளியான அதன் முடிவில், குழந்தைகளின் சராசரி எடையிலோ இறப்பிலோ பெரிய மாறுதல் காணப்படவில்லை. புழு குறைவாக உள்ள இடத்தில் மாத்திரையால் சராசரிப் பிள்ளை கொழுத்துவிடாது என்பது இதனால் தெளிவு. மாத்திரை உணவாகாது, இரத்தசோகைக்கு வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் ஈடாகாது. புழுச்சுமை மிகுந்த பிள்ளையின் சுமையை இறக்குவதே அதன் வேலை. அவ்வேலையை அது செவ்வனே செய்கின்றது.

ஊராட்சி செய்யவேண்டியவை

ஆண்டுக்கு இருமுறை என்பது என்றென்றும் தொடர வேண்டிய விதியன்று. இருமுறை ஒருமுறையாகி, ஒருமுறையும் வேண்டாததாகும் நாளை நோக்கி நாம் நடக்க வேண்டும். அதற்கு வழி மருந்துக் கிடங்கில் இல்லை. ஊராட்சியின் கையில் இருக்கின்றது.

1. கழிப்பறையில்லாத வீடுகளுக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் ஊக்கத்தொகையான 12,000 ரூபாயைப் பெற்றுத் தந்து கட்டச் செய்தல். கட்டிய கழிப்பறையில் விறகும் வைக்கோலும் அடைத்து வைப்பதைக் கண்டித்துப் பழக்கத்துக்குக் கொண்டுவருதல்.

2. இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு மற்றதைத் திறத்தல். மூடிய குழியை இரண்டாண்டுகள் தொடாதிருத்தல். அதன்பின் எடுக்கும் எரு வயலுக்கு நல்லுரமாகும். பச்சையாக எடுத்து வயலில் கொட்டினால் அது புழுவை விதைப்பதாகும்.

3. பள்ளிக் கழிப்பறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நாள்தோறும் நீர் வரும்படி செய்தல்; சோப்பு வைத்தல். குழாய் இருந்து நீரில்லையேல் குழாயால் பயனில்லை.

4. சிறு குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற தவறான எண்ணத்தைப் போக்குதல். அதனைத் தெருவில் எறியாமல் கழிப்பறையில் இடச் செய்தல்.

5. பிள்ளைகள் செருப்பணிந்து செல்வதை வழக்கமாக்குதல். அரசு தரும் காலணியைத் திருவிழாவுக்கென்று பெட்டியில் பூட்டிவைக்கலாகாது.

6. கிராமசபையில் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும், மருந்துண்டோர் எத்தனை பேர் என்பதோடு, விடுபட்டோர் எத்தனை பேர் என்பதையும் படித்துக் காட்டுதல்.

கிராமசபையில் சாலையும் விளக்கும் கேட்டு மக்கள் எழுந்து நிற்கின்றனர்; அது அவர்களுடைய உரிமை. பள்ளிக் கழிப்பறைக்கு நீர் வருகின்றதா, விடுபட்ட பிள்ளைக்கு மருந்து சேர்ந்ததா என்றும் அவர்கள் கேட்கத் தொடங்கினால், குன்னம் வட்டத்தில் மாத்திரைகளின் தேவை தானே குறையும். அடுத்த சுற்றுக்குரிய நாளைச் சுகாதாரத் துறை அறிவித்தவுடன், ஒவ்வொரு பெற்றோரும் அன்று தம் பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவார்களாக; பக்கத்து வீட்டுப் பிள்ளை வீட்டிலிருந்தால் அவனையும் கையோடு அழைத்துச் செல்வார்களாக.